நிரந்தரம்னு வித்த கம்பெனியும் ஹைகேட் கல்லறையும்

ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. (யாரும் தேடலைங்கறது வேற விஷயம்.) இன்னிக்கு விடியக்காலை ரெண்டு மணிக்கு உக்காந்து தட்டறதுக்குக் காரணம் எங்க ஆபீஸ் அண்ணன் ஒருத்தர். தங்கமான மனுஷன். எனக்கு நாலு வருஷம் முன்னாடியே லண்டன் வந்தவர். நான் வந்து இறங்கினப்ப ரூம் பார்த்துக் குடுத்தவர், முதல் மாசம் ரசம் ஊத்தினவர். அவர்கிட்ட ஒரே ஒரு வியாதிதான். வெள்ளைக்காரன் செஞ்சா சரி. விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளைக்காரன் செஞ்சா ரொம்ப ரொம்ப சரி.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஹைகேட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வடக்கு லண்டன்ல ஒரு மேட்டுல இருக்கு. ஆர்ச்வே ஸ்டேஷன்ல இறங்கி மூச்சு வாங்க ஏறணும். போனது காரல் மார்க்ஸைப் பார்க்க. மூலதனத்தைத் திட்டி மூணு வால்யூம் எழுதின மனுஷனைப் பார்க்க டிக்கெட் வாங்கித்தான் உள்ள போகணும். அண்ணன் அதுல சிரிச்சது பத்து நிமிஷம். நானும் சிரிச்சேன், ஆனா சிரிக்க வேண்டிய இடம் வேறங்கறது அப்புறமாத்தான் தெரிஞ்சுது.

உள்ள ஐவி கொடி ஏறின தேவதை சிலைங்க, சாஞ்ச சிலுவைங்க, எகிப்துக் கோயில் மாதிரி ஒரு வாசல். அண்ணன் போன்ல சுட்டுத் தள்ளிட்டாரு. மறுநாள் பேன்ட்ரியில காபி கையோட ஆரம்பிச்சாரு. "பார்த்தியாப்பா, செத்தவனுக்கு எவ்வளவு மரியாதை குடுத்திருக்கான்! இப்ப இருக்கறவன் என்னடான்னா 2022ல சட்டம் போட்டு பழைய கல்லறையைத் திருப்பி விக்கப் போறானாம். விக்டோரியா காலத்துல இப்படி நடக்குமா?"

நடக்குமாவா? அண்ணே, அதுதான் நடந்துச்சு. நீங்க போட்டோ எடுத்த அந்த இடமே ஒரு பொய் வாக்குறுதி மேல கட்டினது. 2022 சட்டம் அந்தப் பொய்யைச் சரி பண்ண வந்தது. பேன்ட்ரியில அரை மணி நேரம் கத்தியும் வேலைக்காகலை. அதான் பதிவா போடறேன். படிச்சிட்டுத் திட்டறவங்க தாராளமா திட்டலாம்.

முதல்ல இந்த மரியாதை மேட்டர். 1801ல லண்டன் ஜனத்தொகை கிட்டத்தட்ட 10 லட்சம். 1851ல 23 லட்சத்துக்கு மேல. அம்பது வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு. உயிரோட இருக்கறவன் ரெண்டு மடங்கானா சாகறவனும் ஆவான் இல்லையா? ஆனா புதைக்கற இடம் அதே பழைய சர்ச்சுங்களை ஒட்டின சின்னச் சின்ன மயானம்தான். புதுசா ஒருத்தரை வைக்கணும்னா பழைய ஆளை வெளிய எடுக்கணும். குழி தோண்டறவன் அரைகுறையா மக்கின பெட்டியை வெட்டி, எலும்பை ஓரமா தள்ளி இடம் பண்ணினான். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, ஈனான் சேப்பல். ஸ்ட்ராண்ட் தெருவுக்குப் பக்கத்துல. 1820கள்ல ஒரு பாதிரியார் குறைஞ்ச கட்டணத்துல அடக்கம் பண்ணித் தர்றேன்னு ஆரம்பிச்சாரு. தரைக்குக் கீழ ஒரு நிலவறை, அதுல சுமார் 12,000 சடலம். மேல மரப்பலகை, பலகைக்கு மேல ஜனங்க உக்காந்து பிரார்த்தனை. அந்தப் பாதிரியார் காலத்துக்கு அப்புறம் அதே கட்டடத்தை டான்ஸ் ஹாலா நடத்தினாங்க. கீழ பிணம் அப்படியே இருக்க, மேல ஆட்டம். அதையே சொல்லி விளம்பரமும் பண்ணினாங்க. ஜார்ஜ் ஆல்ஃபிரட் வாக்கர்னு ஒரு டாக்டர் 1839ல இந்த மயானங்களைப் பத்திப் புத்தகமே எழுதி நாறடிச்சாரு. கடைசியில அந்த எலும்பையெல்லாம் நார்வுட்ல கொண்டுபோய்ப் புதைச்சதும் அவர் செலவுலதான்.

இதான் அண்ணன் சொல்ற மரியாதைக் காலம். கல்லறையைத் திருப்பி உபயோகிச்சது 2022ல கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. அன்னிக்கு சட்டம் கிடையாது, நோட்டீஸ் கிடையாது, ராத்திரியில பண்ணினாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், இது எனக்கே புதுசு. லண்டன்ல முதல் தனியார் கல்லறைத் தோட்டமான கென்சல் கிரீனுக்கு பார்லிமெண்ட் சட்டம் போட்டது 1832ல. அதே 1832ல அதே பார்லிமெண்ட் இன்னொரு சட்டமும் போட்டுச்சு. உடற்கூறு சட்டம். ஏழைகள் விடுதியில செத்து, கேட்க ஆள் இல்லாத சடலத்தை மெடிக்கல் ஸ்கூல்ல அறுக்கக் குடுத்துடலாம்னு சொல்ற சட்டம். அதுக்கு முன்னாடி கொலைக்குற்றத்துக்குத் தூக்குல போட்டவனைத்தான் அறுப்பாங்க, தண்டனையோட ஒரு பகுதியா. அதுக்கப்புறம் ஏழையா, அநாதையா செத்தாலே போதும். காசு இருக்கறவனுக்குப் பளிங்கு தேவதை, இல்லாதவனுக்கு அறுவை மேஜை. ரெண்டுக்கும் ஒரே வருஷம்! விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837லதான்னு அண்ணன் பாயிண்ட் எடுப்பாரு. சரி. அந்த அம்மா இருந்த 63 வருஷமும் அந்தச் சட்டம் அமுல்லதான் இருந்துச்சு அண்ணே.

இப்ப கம்பெனிங்க கதை. ஜார்ஜ் ஃபிரெட்ரிக் கார்டன்னு ஒரு வக்கீல். பாரிஸ்ல 1804ல திறந்த பெர் லாஷெய்ஸ் தோட்டத்தைப் பார்த்துட்டு வந்து, நம்ம ஊர்லயும் இப்படி ஒண்ணு வேணும்னு வருஷக்கணக்கா கத்தினாரு. 1832ல லண்டனைக் காலரா வேற ஒரு கை பார்த்துச்சு. பிண நாத்தம்தான் நோய்க்குக் காரணம்னு எல்லாரும் நம்பின காலம். (காரணம் தப்பு. முடிவு சரி. நாம புரொடக்‌ஷன்ல பக் ஃபிக்ஸ் பண்றதும் பாதி நேரம் இப்படித்தானே.) அரசாங்கம் காசு போடலை, பங்கு வெளியிட்டு நடத்திக்கோன்னு விட்டுடுச்சு. 1832லேர்ந்து 1841க்குள்ள லண்டனைச் சுத்தி ஏழு தோட்டம் வந்துச்சு. கென்சல் கிரீன், வெஸ்ட் நார்வுட், ஹைகேட், ஆப்னி பார்க், நன்ஹெட், பிராம்ப்டன், டவர் ஹாம்லெட்ஸ். இப்ப இதுங்களை 'மகத்தான ஏழு'ன்னு சொல்றாங்க. ஏதோ விக்டோரியா காலத்துப் பட்டம்னு நினைச்சுடாதீங்க. 1981ல ஒரு எழுத்தாளர் 1960ல வந்த கௌபாய் படத்தோட பேரை எடுத்து ஒட்டினது!

ஹைகேட்டைக் கட்டின கம்பெனி பேரு லண்டன் செமெட்ரி கம்பெனி. 1836ல சட்டம் வாங்கினாங்க. முன்னாடி நின்னவர் ஸ்டீஃபன் கேரி, ஆர்க்கிடெக்ட். லண்டன்ல கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் தெரியுமில்ல, அந்தப் பேருக்குக் காரணமான நாலாம் ஜார்ஜ் மன்னர் நினைவுச்சின்னம் இவர் கைவண்ணம்தான். அது நல்லா இல்லைன்னு ஜனங்க சிரிச்சு, 1845லயே இடிச்சுட்டாங்க, பேரு மட்டும் நின்னுடுச்சு. அந்த மனுஷன் 17 ஏக்கரை 3,500 பவுண்டுக்கு வாங்கி, எகிப்து வாசல், வட்டமா ஒரு பள்ளம் தோண்டி அதைச் சுத்தி அறைங்க, நடுவுல ஒரு பழைய லெபனான் தேவதாரு மரம்னு போட்டுத் தாக்கினாரு. 1839 மே 20ல லண்டன் பிஷப் வந்து பிரதிஷ்டை பண்ணினாரு. மே 26ல முதல் அடக்கம், சோஹோவைச் சேர்ந்த எலிசபெத் ஜாக்சன், வயசு 36. பிஷப் 15 ஏக்கரைத்தான் பிரதிஷ்டை பண்ணினாரு. மிச்ச 2 ஏக்கர் இங்கிலாந்து சர்ச்சைச் சேராதவங்களுக்கு. மின்காந்தத்துல நமக்கெல்லாம் பரீட்சை வச்ச மைக்கேல் ஃபாரடே படுத்திருக்கறது அந்தப் பக்கம்தான். அவர் சாண்டிமேனியன்னு ஒரு சின்னப் பிரிவைச் சேர்ந்தவர்.

அழகா இல்லையான்னா, சத்தியமா அழகு. பொறியியல் படிச்சவன் வயித்துல பால் வார்க்கற மேட்டர் ஒண்ணு இருக்கு. 1854ல ஸ்வெய்ன்ஸ் லேன் ரோட்டுக்கு எதிர்ப்பக்க நிலத்தையும் வாங்கினாங்க. சர்ச் மேற்குல இருக்கு, குழி கிழக்குல இருக்கு. பிரார்த்தனை முடிஞ்ச பெட்டியை நடுரோட்டுல தூக்கிட்டுப் போனா பிரதிஷ்டை ஆகாத மண்ணு குறுக்க வருமே? அதனால சர்ச்சுக்குள்ள ஹைட்ராலிக் லிஃப்ட் வச்சு, பெட்டியை கீழ இறக்கி, ரோட்டுக்கு அடியில சுரங்கம் வழியா அந்தப் பக்கம் கொண்டுபோனாங்க. 1850கள்ல! ரிக்வைர்மெண்ட்டை இப்படிப் புரிஞ்சிக்கிட்ட கிளையண்ட்டை நான் பார்த்ததில்லை.

ஆனா அண்ணே, அவங்க என்ன வித்தாங்கன்னு பாருங்க. நிலத்தை விக்கலை. 'இந்தக் குழியில புதைக்கற உரிமை, உங்களுக்கு மட்டும், என்றென்றைக்கும்'னு ஒரு பத்திரம் வித்தாங்க. நம்ம பாஷையில சொன்னா லைஃப்டைம் லைசென்ஸ். ஒரே ஒரு தடவை காசு, அப்புறம் ஏ.எம்.சி. கிடையாது. பாதை, சுவர், மரம், கேட்டு, காவலாளி எல்லாம் கம்பெனி தலையில, உலகம் அழியற வரைக்கும். வருமானம் எங்கேர்ந்து? அடுத்த குழியை விக்கறதுலேர்ந்து. 17 ஏக்கரும், அப்புறம் வாங்கினதும் தீர்ந்துபோனா? வருமானம் நின்னுடும், செலவு நிக்காது. இதைக் கண்டுபிடிக்க பொறியியல் பட்டம் வேணாம், பொட்டிக்கடை வச்சிருக்கறவர் சொல்லிடுவாரு. கம்பெனி ஆரம்பிச்சவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா நிலம் நிரம்பற காலத்துல அவங்க இருக்கப்போறது இல்லை. கேரி 1854லயே போயிட்டாரு. எங்க புதைச்சாங்க? ஹைகேட்லயேதான் :-)

அண்ணன் போட்டோல இல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஹைகேட்ல இருக்கறது சுமார் 53,000 கல்லறை. புதைச்சது சுமார் 1,70,000 பேரை. வகுத்துப் பாருங்க, ஒரு குழிக்கு மூணு பேருக்கு மேல. குடும்பமா படுத்திருக்கறவங்க உண்டு. ஆனா பொதுக் குழின்னு ஒண்ணு இருந்துச்சு. ஆழமா தோண்டி, ஒருத்தருக்கொருத்தர் முன்னப் பின்ன தெரியாதவங்க பெட்டியை மேல மேல அடுக்கறது. அவங்க பேர்ல கல்லு கிடையாது. நீங்க போட்டோ எடுத்த தேவதைங்களுக்கு நடுவுல வெறும் புல்லா தெரிஞ்சது பாருங்க, அங்கயும் ஆள் இருக்கலாம். கிழக்கு லண்டன்ல இருக்கற டவர் ஹாம்லெட்ஸ் இன்னும் மோசம். சுத்தி இருந்தவங்க துறைமுகத் தொழிலாளிங்களும் ஏழைங்களும். 1851 வாக்குல அங்க நடந்த அடக்கத்துல நூத்துக்கு எண்பது பொதுக் குழிதான். ஒரே குழியில சில மாசத்துக்குள்ள முப்பது பேர் வரைக்கும் வச்சிருக்காங்க.

வகுப்புப் பிரிக்கறதுல அவங்களை அடிச்சுக்க ஆளே இல்லை. 1854ல புரூக்வுட்ல ஒரு பிரம்மாண்டமான தோட்டம் திறந்தாங்க, லண்டனுக்கு வெளிய சர்ரேல. அதுக்கு வாட்டர்லூவுலேர்ந்து தனி ரயிலே விட்டாங்க. முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு, மூணாம் வகுப்பு. உயிரோட இருக்கறவங்களுக்கு மட்டும் இல்லீங்க, பெட்டிக்குள்ள இருக்கறவங்களுக்கும். அழ வந்தவங்களுக்குப் போக வர டிக்கெட், பெட்டிக்குப் போக மட்டும். ஜோக் இல்லை, நிஜமாவே அப்படித்தான் டிக்கெட் அடிச்சாங்க. 1941ல ஹிட்லர் ஆளுங்க லண்டன் ஸ்டேஷன்ல குண்டு போடற வரைக்கும் அந்த ரயில் ஓடுச்சு. செத்ததுக்கப்புறமும் மூணாம் கிளாஸ்! இதுல எங்க இருக்கு மரியாதை? காசு குடுத்தவனுக்குச் சேவை இருந்துச்சு, அவ்வளவுதான். சேவைக்கும் மரியாதைக்கும் வித்தியாசம் தெரியாம லண்டன்ல இத்தனை வருஷம் எப்படி அண்ணே ஓட்டினீங்க?

சரி, காசு குடுத்தவனாவது நிம்மதியா தூங்கினானா?

ஹைகேட் மேற்குப் பக்கம் உச்சியில ஜூலியஸ் பீர்னு ஒருத்தரோட மண்டபம் இருக்கு. பங்குச்சந்தையில சம்பாதிச்சவர், அப்சர்வர் பத்திரிகை முதலாளி. சின்ன வயசுலயே போயிட்ட மகள் ஏடாவுக்காகக் கட்டினது. பழைய ஹாலிகார்னஸஸ் சமாதி மாதிரி கோபுரம், உள்ள குழந்தையை தேவதை குனிஞ்சு தூக்கற சிற்பம். அந்தத் தோட்டத்துலயே பெரிசு அதுதான். ஏடாவோட அப்பாவை நான் கேலி பண்ணலை. மகளை இழந்த மனுஷன், கையில இருந்ததைக் கொட்டி, 'என்றென்றைக்கும்'கற வார்த்தையை நம்பினாரு. அந்த மண்டபம் பின்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா? உடைஞ்ச வழியா புறா புகுந்து கூடு கட்டி, உள்ள எச்சம் குவியல் குவியலா கிடந்துச்சு. கம்பெனியோட பெரிய கஸ்டமருக்கே இந்த கதி.

எப்படி இப்படி ஆச்சு? முதல் உலகப்போர்ல தோட்டக்காரங்க போருக்குப் போனாங்க. ஆடம்பரச் சாவுக்கே மவுசு போச்சு. வோக்கிங்ல 1885ல முதல் தகனம் நடந்துச்சு, 1968 வாக்குல பிரிட்டன்ல புதைக்கறதை விட எரிக்கறது அதிகமாயிடுச்சு. விக்க நிலமும் இல்லை. 1960ல லண்டன் செமெட்ரி கம்பெனி திவாலாகற நிலையில இன்னொரு கம்பெனிக்குள்ள கரைஞ்சு போச்சு. அந்தக் கம்பெனியும் தாக்குப் பிடிக்கலை. 1975ல மேற்குப் பக்கத்தை இழுத்துப் பூட்டிட்டாங்க. 'என்றென்றைக்கும்'கறது மொத்தம் 136 வருஷம்!

நடுவுல ஒரு கூத்து. கொடி மண்டிக் கிடந்த தோட்டத்துல ரத்தக்காட்டேரி உலாத்துதுன்னு வதந்தி. டிவியில வேற வந்துடுச்சு. 1970 மார்ச் 13, வெள்ளிக்கிழமை ராத்திரி கும்பல் கும்பலா ஜனங்க சுவரேறிக் குதிச்சாங்க, காட்டேரியைப் பிடிக்க. அந்தக் காலகட்டத்துல அறைக் கதவை உடைச்சு, பெட்டியைத் திறந்து, எலும்பைக் கலைச்ச கொடுமையெல்லாம் நடந்துச்சு. காவலாளிக்குச் சம்பளம் குடுக்கக் கம்பெனிகிட்ட காசு இல்லை, அதான் காட்டேரி வந்துச்சு. இதுல அமானுஷ்யம் ஒண்ணும் இல்லை.

இது ஹைகேட்டுக்கு மட்டும் வந்த கெட்ட நேரம்னு நினைக்காதீங்க. அதே கம்பெனியோட இன்னொரு தோட்டம் நன்ஹெட். 1969ல கேட்டைப் பூட்டிட்டாங்க. 1975ல சதர்க் கவுன்சில் அதை வாங்கின விலை ஒரு பவுண்ட். ஆப்னி பார்க் கம்பெனி 1970கள்ல மூழ்கி, தோட்டம் ஹாக்னி கவுன்சில் கைக்கு வந்துச்சு. டவர் ஹாம்லெட்ஸை 1966ல லண்டன் மாநகர அரசு வாங்கி மூடுச்சு. பிராம்ப்டனை 1850கள்லயே அரசாங்கம் வாங்க வேண்டியதாப் போச்சு. லாபம் வந்தப்ப பங்குதாரருக்கு, பாரம் வந்தப்ப ஊர் தலையில. இந்த ஸ்கிரிப்ட்டை நாம வேற எங்கயும் பார்த்ததே இல்லை, இல்லையா?

கவுன்சில்காரங்க எல்லாம் உத்தமருங்கன்னு சொல்ல வரலை. 1987ல வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மூணு கல்லறைத் தோட்டத்தை, ஒண்ணு 5 பென்ஸ் வீதம், மொத்தம் 15 பென்ஸுக்குத் தனியார்கிட்ட வித்துச்சு. பராமரிப்புச் செலவு மிச்சமாம். சொந்தக்காரங்க கொதிச்சுப் போய், 1992ல திருப்பி வாங்க வேண்டியதாச்சு. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க. அங்க கத்தறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு. கவுன்சிலரைக் கேள்வி கேக்கலாம், புகார் குடுக்கலாம், ஓட்டு இருக்கு. செத்துப்போன கம்பெனிகிட்ட போய் யாரு என்ன கேக்கறது?

ஹைகேட்டைக் காப்பாத்தினது கம்பெனியும் இல்லை, மகாராணியும் இல்லை. 1975ல அக்கம்பக்கத்து ஜனங்க சேர்ந்து 'ஹைகேட் கல்லறையின் நண்பர்கள்'னு ஒரு அமைப்பு வச்சாங்க. சனி ஞாயிறுல அரிவாளும் கையுமா கொடி வெட்டினாங்க, மரம் அறுத்தாங்க, சாஞ்ச கல்லை நிமித்தினாங்க. 1981ல தோட்டமே அவங்க பொறுப்புக்கு வந்துச்சு. மார்க்ஸ் வாசல்ல நாம குடுத்த டிக்கெட் காசு அவங்க அறக்கட்டளைக்குப் போகுது. அதனாலதான் முன்னாடியே சொன்னேன், சிரிக்க வேண்டிய இடம் அது இல்லைன்னு. கம்பெனி 1839ல வாங்கியிருக்க வேண்டிய பராமரிப்புக் காசை நம்மகிட்ட இப்ப வாங்கறாங்க. நீங்க போட்டோல பார்த்து மயங்கின அந்த ரம்மியம் இருக்கே அண்ணே, கொடி, பாசி, சாஞ்ச சிலுவை, அது விக்டோரியா காலத்து அழகு இல்லை. அன்னிக்கு அது வெட்டி ஒதுக்கின சுத்தமான தோட்டம். நீங்க ரசிச்சது கம்பெனி கைவிட்ட அழகு.

இப்ப 2022க்கு வருவோம். ஹைகேட் கல்லறைச் சட்டம்னு பார்லிமெண்ட்ல நிறைவேத்தினாங்க. 75 வருஷத்துக்கு மேல பழைய புதைப்பு உரிமையை, முறையா அறிவிப்பு குடுத்து, ஆட்சேபம் கேட்டு, ரத்து பண்ணலாம். அந்த இடத்தைத் திரும்ப உபயோகிக்கலாம். லண்டன் மாநகராட்சியோட தோட்டம் ஒண்ணு மேனர் பார்க்ல இருக்கு, 1856லேர்ந்து. அங்க இந்த மறுபயன்பாடு ஏற்கெனவே நடக்குது. அந்தத் தோட்டம் ஒருநாளும் காட்டேரிக்குப் பேர் வாங்கலை.

"செத்தவங்களுக்குக் குடுத்த வாக்கு இல்லையா அது?" இது அண்ணன் கேட்டதுலயே நியாயமான கேள்வி. எனக்கும் உறுத்துது. என் தாத்தா குழியை யாராவது தொட்டா எனக்கு எரியும். ஆனா வாக்கு குடுத்தவன் யாரு? காப்பாத்த வழியே இல்லாத வாக்கைக் குடுத்துக் காசு வாங்கினவன். வாக்கு முறிஞ்சது 2022ல இல்லை. புறா புகுந்த அன்னிக்கு முறிஞ்சது, பெட்டியை உடைச்ச அன்னிக்கு முறிஞ்சது. இப்ப இருக்கறவங்க '75 வருஷம், அதுக்கப்புறம் உங்க வீட்டு ஆளு வந்து கேட்டா பேசிக்கலாம்'னு முகத்துக்கு நேரா சொல்றாங்க. புதுக் குழி விக்கற காசு பழைய மதிலைத் தாங்கும். எனக்கு எந்தக் கம்பெனியாவது நிரந்தரம்னு ஒரு பத்திரம் நீட்டினா, இனிமே முதல்ல கேக்கப்போற கேள்வி, வருஷா வருஷம் யாரு காசு குடுக்கறதுங்கறதுதான்.

இதையெல்லாம் எழுதி அண்ணனுக்கு முன்கூட்டியே அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு யார்க்கர் ஒண்ணு போட்டாரு. "எல்லா கம்பெனியும் முழுகிச்சுன்னு சொல்றியே, கென்சல் கிரீன் கம்பெனி இன்னிக்கும் நடக்குதே, அதே 1832 கம்பெனி?"

உண்மைதான், ஒத்துக்கறேன். ஆனா அது எப்படிப் பிழைச்சுதுன்னு பார்த்தேன். 1939ல உள்ளயே ஒரு தகன மேடை கட்டினாங்க. புதைக்க இடம் தீர்ந்தாலும் வருமானம் தீரலை. லைசென்ஸ் வித்துக்கிட்டிருந்தவன் சர்வீஸுக்கு மாறிட்டான், பிழைச்சான். இதையும் டைப் பண்ணி அனுப்பினேன். ரெண்டு நீல டிக் மட்டும் வந்துச்சு, பதில் இல்லை.

காலையில ஒரே வரி. "ஞாயித்துக்கிழமை கென்சல் கிரீன் போலாமா? அங்க ரவீந்திரநாத் தாகூரோட தாத்தா துவாரகநாத் தாகூர் இருக்காராம், 1846ல லண்டன்ல செத்தவர்."

போறோம். இந்தத் தடவை டப்பாவுல புளிசாதம் அண்ணன் பொறுப்பு.

பி.கு.: ஹைகேட் கிழக்குப் பக்கம், மார்க்ஸுக்குப் போற வழியில டக்ளஸ் ஆடம்ஸ் கல்லறை இருக்கு. வர்றவங்க பேனா குத்தி வச்சுட்டுப் போற தொட்டி ஒண்ணு அங்க உண்டு. நானும் என் பங்குக்கு ஆபீஸ்ல சுட்ட பேனா ஒண்ணு வச்சேன். மேனேஜர் யாராவது இதைப் படிச்சா, அது தீர்ந்துபோன பேனாதான் சார்.